ஸ்பிரிங் இல்லாத டீசல் கார்

சாதாரணக் காரில் சஸ்பென்ஷன் கெட்டால் கண்ணே சொல்லிவிடும். ஸ்பிரிங் தளர்ந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். ஷாக் அப்சார்பர் போனால் எண்ணெய் வழியும்; வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி ரெண்டு மூன்று தடவை குதிக்கும். சிட்ரோன் பிஎக்ஸ் என்ற பிரெஞ்சு டீசல் காரிடம் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதன் ஸ்பிரிங் முற்றிலும் செயலிழந்த பிறகும், என்ஜினைப் போட்டால் வண்டி சரியான உயரத்துக்கு எழுந்து நேராக நிற்கும். ஓட்டிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் இறங்கும். விவரம் தெரியாத மெக்கானிக், டயரில் காற்று அதிகமோ என்று அளந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

பிஎக்ஸில் சுருள் ஸ்பிரிங்கும் கிடையாது, கமான் பட்டையும் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக, உரித்த தேங்காய் அளவில் இரும்பு உருண்டைகள் இருக்கின்றன. உருண்டைக்குள் குறுக்கே ஒரு ரப்பர் சவ்வு. அதற்கு ஒரு பக்கம் அழுத்தி அடைத்த நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறும்போது ஒரு பிஸ்டன் எண்ணெயை உருண்டைக்குள் தள்ளுகிறது. எண்ணெய் சுருங்காது, அதனால் சவ்வு நெளிந்து வாயு சுருங்குகிறது. மேடு தாண்டியதும் வாயு விரிந்து சக்கரத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. உருண்டையின் கழுத்தில் நுண்ணிய துளைகள் கொண்ட வால்வு ஒன்று உண்டு. அதன் வழியே எண்ணெய் நெருக்கியடித்துப் போய்வருவதால் துள்ளல் அடங்குகிறது. ஆக, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டும் இந்த உருண்டைதான்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு உயரக் கட்டுப்பாட்டு வால்வுகள் இருக்கின்றன. நான்கு பேர் ஏறி, டிக்கி நிறைய மூட்டையும் வைத்தால் வண்டி தாழும். உடனே வால்வு திறந்து, பம்ப் அனுப்பும் எண்ணெயைக் கூடுதலாக உள்ளே விடும். வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடும். வாயு சுருங்கச் சுருங்க இறுகும் என்பதால், பாரத்துக்கு ஏற்ப சஸ்பென்ஷனும் தானாகவே கெட்டிப்படும். சுருள் ஸ்பிரிங்கால் இது முடியாது.

இந்தச் சாமர்த்தியமேதான் பழுதையும் மறைக்கிறது. எந்த ரப்பரும் வாயுவை முழுமையாகத் தடுக்காது. வருடக்கணக்கில் நைட்ரஜன் மூலக்கூறுகள் சவ்வின் வழியே கசிந்து எண்ணெயில் கலந்துவிடுகின்றன. வாயு குறைந்த இடத்தை வால்வு எண்ணெயால் நிரப்பிவிடுகிறது. வண்டி தாழவே இல்லை. ஆனால் சுருங்குவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை.

இந்த ஏற்பாட்டை உருவாக்கிய போல் மாஜெஸ் முறையாகப் பொறியியல் படித்தவர் அல்ல. 1925இல், பதின்ம வயதில் சிட்ரோனில் வேலைக்குச் சேர்ந்து, உள்ளேயே கற்று மேலே வந்தவர். 1954இல் டிராக்ஷன் அவான் காரின் பின்சக்கரங்களில் மட்டும் இதைப் பொருத்திப் பார்த்தார்கள். 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வந்த டிஎஸ் கார் நான்கு சக்கரங்களிலும் உருண்டைகளோடு நின்றது. முதல் நாளிலேயே ஏறக்குறைய 12,000 பேர் முன்பதிவு செய்தார்கள். 1962 ஆகஸ்டில் பெத்தி கிளமார் என்ற இடத்தில் பிரெஞ்சு அதிபர் தெகோல் மீது துப்பாக்கிச்சூடு நடந்தபோது, டயர்கள் வெடித்த நிலையிலும் அவருடைய டிஎஸ் நிற்காமல் தப்பிச் சென்றது. இதைவிட நல்ல விளம்பரம் எந்தக் கம்பெனிக்கும் கிடைத்திருக்காது. ரோல்ஸ் ராய்ஸே இந்த நுட்பத்தை உரிமம் பெற்றுத் தன் சில்வர் ஷேடோவில் பயன்படுத்தியது.

டிஎஸ் டீசலில் வரவில்லை. எழுபதுகளின் நடுவில் சிஎக்ஸ், 1983இல் பிஎக்ஸ், பிறகு எக்ஸ்எம், 1993இல் ஸான்டியா என்று உருண்டைகள் டீசல் என்ஜினோடு சேர்ந்து நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கு வந்தன. பிஎக்ஸ் மட்டும் 23 லட்சத்துக்கு மேல் தயாரானது. அதிலிருந்த 1905 சிசி எக்ஸ்யுடி டீசல் என்ஜின் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுவது ஐரோப்பாவில் சாதாரணமாக இருந்தது. என்ஜின் இவ்வளவு நாள் உழைத்தால் சஸ்பென்ஷனையும் அத்தனை நாள் பராமரித்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான் வந்தது.

முதலில் எண்ணெய். ஆரம்பகால டிஎஸ் கார்களில் எல்எச்எஸ் என்ற சிவப்புத் திரவம் ஓடியது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, உள்ளேயுள்ள உலோகப் பாகங்களைத் துருப்பிடிக்க வைத்தது. 1966இல் அதற்குப் பதிலாக எல்எச்எம் என்ற பச்சை நிறக் கனிம எண்ணெய் வந்தது. பச்சை எண்ணெய் ஓடும் பாகங்களுக்குப் பச்சைப் பெயின்டே அடித்தார்கள், யாரும் மறந்துவிடக் கூடாது என்று. மறந்தார்கள். பிஎக்ஸில் இதே எண்ணெய்தான் பிரேக்குக்கும் போகிறது. "பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது" என்று யாராவது சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டால் போதும்; கனிம எண்ணெய்க்காகச் செய்த சீல்கள் ஒவ்வொன்றும் ஊறி உப்பிக் கெட்டுப்போகும். பிறகு பழுது ஒரு பாகத்தோடு நிற்காது, வண்டி முழுக்கப் பரவும். 2001இல் வந்த சி5 காருக்கு இன்னொரு திரவம், எல்டிஎஸ், ஆரஞ்சு நிறம். அதையும் பச்சையோடு கலக்கக் கூடாது.

நோயைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், காது போதும். பம்புக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஓர் உருண்டை இருக்கிறது. அழுத்தத்தைச் சேமித்து வைப்பது அதன் வேலை. அதோடு சேர்ந்த ரெகுலேட்டர், அழுத்தம் சுமார் 145 பாருக்கு இறங்கினால் பம்பை வேலைக்கு இழுக்கும், 170ஐத் தொட்டதும் விடுவிக்கும். ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். டீசல் என்ஜினின் கடகடப்புக்கு நடுவே அதைப் பிரித்துக் கேட்கக் கொஞ்சம் பழக்கம் தேவை. நல்ல வண்டியில் இரண்டு டிக்குகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி இருக்கும். சில நொடிக்கு ஒன்றாக அது அடித்துக்கொண்டே இருந்தால், சேமிப்பு உருண்டையில் வாயு தீர்ந்துவிட்டது அல்லது எங்கோ எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கசிகிறது என்று பொருள். சக்கர உருண்டைகளுக்கு இன்னும் எளிய சோதனை: என்ஜின் ஓடும்போது காரின் மூலையைக் கையால் அழுத்த வேண்டும். மெத்தென்று இறங்கி எழுந்தால் உயிர் இருக்கிறது. மரக்கட்டையாக நின்றால் இல்லை.

உருண்டையை மாற்றுவது, சுருள் ஸ்பிரிங் மாற்றுவதைவிட எளிது என்பதுதான் வேடிக்கை. சுருள் ஸ்பிரிங்கைக் கழற்ற அதை இறுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். பிடி நழுவினால் ஸ்பிரிங் பறந்து வந்து ஆளையே அடிக்கும். இங்கே வண்டியின் உயரத்தை மாற்றும் லீவரை அடிமட்டத்துக்குத் தள்ளி, என்ஜினை நிறுத்தி, ரெகுலேட்டரில் உள்ள அழுத்தம் விடும் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தினால் புஸ்ஸென்று அழுத்தம் வடிந்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். பிறகு பட்டை ஸ்பேனரால் உருண்டையைத் திருகிக் கழற்றலாம். புதிய சீலை எல்எச்எம் எண்ணெயில் நனைத்து வைத்து, புதிய உருண்டையை வெறும் கையால் இறுக்கினால் போதும். காற்றை வெளியேற்ற, வண்டியை லீவரால் சில முறை மேலும் கீழும் ஏற்றி இறக்கினால் முடிந்தது. ஆனால் அழுத்தம் வடியாமல் ஸ்பேனரைப் போட்டால், நூறு பாருக்கு மேல் அழுத்தத்தில் எண்ணெய் பீய்ச்சியடிக்கும். அது தோலைத் துளைக்கக் கூடியது. லீவரை மேலே வைத்துவிட்டு, ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் படுப்பது இன்னும் மோசம். ஏதாவது ஒரு குழாய் விட்டுப்போனால் ஒரு டன் எடை நேராகத் தரைக்கு வரும்.

வாயு குறைந்த உருண்டையில் மீண்டும் வாயு நிரப்பிப் பயன்படுத்துபவர்களும் உண்டு. நிரப்ப வேண்டியது நைட்ரஜன் மட்டுமே. வெல்டிங் கடையில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று ஆக்சிஜனைத் தொட்டால், உயர் அழுத்தத்தில் எண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கும்.

வேலையில் கடினம் எதுவும் இல்லை. ஆனால் எந்தத் திருகு, எந்த வரிசை, எந்த எண் என்று தெரிந்திருக்க வேண்டும். அது மேனுவலில் இருக்கிறது. அந்த மேனுவலைத் தேடும்போது ஒரு சுவாரஸ்யமான பெயர் எதிர்ப்படுகிறது: ஜான் ஹெய்ன்ஸ். 1938இல் இலங்கையில், தேயிலைத் தோட்ட மேலாளரின் மகனாகப் பிறந்து, பள்ளிப் படிப்புக்காக இங்கிலாந்து போனவர். பிரிட்டிஷ் விமானப் படையில் ஏடனில் பணியாற்றியபோது, நண்பர் வாங்கிய ஓட்டை ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் காரைப் பிரித்து மாட்ட உதவினார். கம்பெனி மேனுவல் சாதாரண ஆளுக்குப் புரியும்படி இல்லை. அதனால் ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்தார். 1966இல் வந்த அந்த முதல் புத்தகத்தின் 3,000 பிரதிகள் மூன்றே மாதத்துக்குள் தீர்ந்தன. ஒரு காரை முழுக்கப் பிரித்துத் திரும்பக் கோர்த்துவிட்டுத்தான் எழுதுவது என்பது அவருடைய முறை. பிஎக்ஸுக்கும் ஹெய்ன்ஸ் மேனுவல் உண்டு. 2019இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டே, புதிய மாடல்களுக்கு இனி அச்சுப் புத்தகம் கிடையாது என்று நிறுவனம் அறிவித்தது.

பிரான்ஸில் இந்த வேலையை 1946 முதல் 'ரெவ்யூ டெக்னிக் ஆட்டோமொபீல்' இதழ் செய்தது. இவற்றுக்கு மேல், சிட்ரோன் தன் டீலர்களுக்கு மட்டும் கொடுத்த தடிமனான பைல்கள். இன்று இவற்றில் பெரும்பகுதி ஸ்கேன் செய்த பிடிஎஃப்களாக இணையத்தில் உலவுகின்றன. கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து ஸ்பேனரை எடுப்பதற்கு முன் சில பொறிகளைக் கவனிக்க வேண்டும்.

முதல் பொறி அளவு. பிரெஞ்சு மேனுவல்களில் போல்ட் இறுக்கத்தை டெகாநியூட்டன் மீட்டரில் கொடுத்திருப்பார்கள். அது நியூட்டன் மீட்டரைப் போலப் பத்து மடங்கு. 4 என்று படித்து 4 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் போல்ட் வழியில் கழன்று விழும். பிரிட்டிஷ் புத்தகங்களில் பவுண்டு அடி வேறு.

அடுத்தது மாடல். டீசல் என்ஜின் பெட்ரோல் என்ஜினைவிடக் கனம், ஆகவே டீசல் காருக்கு முன் உருண்டை வேறாக இருக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். உள்ளே நிரப்பிய அழுத்தமும், கழுத்திலுள்ள துளையின் விட்டமும் மாறும். துளையின் வித்தியாசம் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கில்தான் இருக்கும். தவறானதைப் பூட்டினால் வண்டி ஓடும், ஆனால் பெருங்கடலில் படகு போல ஆடும், அல்லது இடிக்கும். இதைத் தவிர்க்கத்தான் சிட்ரோன் ஒவ்வொரு காரிலும் ஆர்கா எண் என்று ஒன்றைப் பொறித்தது. கார் எந்த நாளில் தொழிற்சாலையில் தயாரானது என்பதை அது சொல்லும். இன்ன எண் வரை இந்தப் பாகம், அதற்குப் பிறகு வேறு பாகம் என்றுதான் பாகங்களின் பட்டியல் எழுதப்பட்டிருக்கிறது. விற்பனை ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு மேனுவல் தேடுபவர் பாதி நேரம் தவறான பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார்.

உருண்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் ஓர் ஆபத்து. பிஎக்ஸிலும் ஸான்டியாவிலும் பின்சக்கரக் கைகளின் பேரிங்குகளில் தண்ணீர் புகுந்து தேய்வது வாடிக்கையான பழுது. பின்னால் நின்று பார்த்தால் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும். இதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்லை. புது உருண்டை மாற்றியும் சத்தம் நிற்கவில்லை என்று வாகனத்தைக் குப்பைக்கு அனுப்பியவர்கள் உண்டு. பின்பக்கம் போகும் மெல்லிய இரும்புக் குழாய்கள் துருப்பிடிப்பதும் வாடிக்கையான பழுதுதான்.

சட்டமும் இந்த வண்டிகளுக்குப் பெரிதாக உதவவில்லை. தனியார் பட்டறைகளுக்கும் பழுதுபார்ப்புத் தகவலைத் தர வேண்டும் என்று 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய 715ஆம் எண் விதி, யூரோ 5 தரத்திலிருந்து வந்த கார்களுக்கானதாக இருந்தது. பிஎக்ஸ், சிஎக்ஸ், ஸான்டியா எல்லாம் அதற்கு முந்தியவை. அவற்றின் அறிவு, ஓய்வு பெறும் மெக்கானிக்குகளின் கையிலும், ஸ்கேன் செய்து ஏற்றும் ஆர்வலர்களின் பொறுமையிலும்தான் தங்கியிருக்கிறது. தேய்மானத்தால் செத்த பிஎக்ஸ்களைவிடத் தவறான எண்ணெயாலும் தவறான ஆலோசனையாலும் செத்தவை அதிகம் என்று தோன்றுகிறது.

உருண்டை வைத்த கடைசி சிட்ரோன், சி5, ஐரோப்பாவில் 2017இல் நின்றது. 2021இல் திருவள்ளூர் ஆலையிலிருந்து இந்தியச் சாலைக்கு வந்த சி5 ஏர்கிராஸும் டீசல் கார்தான். ஆனால் அதில் சுருள் ஸ்பிரிங், கூடவே ஷாக் அப்சார்பருக்குள் ஹைட்ராலிக் மெத்தை. பெயரில்தான் பழைய சொந்தம்.

பழைய உருண்டை வைத்த டீசல் ஒன்றை வாங்கும் நிலையில் இருப்பவர்கள் பெயின்டையும் சீட்டையும் பிறகு பார்க்கலாம். என்ஜினை ஓடவிட்டு டிக் சத்தத்தின் இடைவெளியைக் கேளுங்கள். தொட்டியைத் திறந்து எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். எல்எச்எம் என்றால் தெளிந்த பச்சையாக இருக்க வேண்டும். ஆர்கா எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய மேனுவல் கிடைக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே தேடிவிடுங்கள். கடைசியாக எந்த எண்ணெய் ஊற்றினீர்கள் என்று விற்பவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் அந்தக் காரை வாங்க வேண்டாம்.