ஆறு புள்ளிகளில் காவலூர்

ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள வானாய்வுக்கூடத்தில் 1986இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி ஒன்று தொடங்கி வைக்கப்பட்டது. இச்செய்தியை நீங்கள் கண்ணால் படித்துவிட்டீர்கள். பார்வையற்ற உங்கள் வகுப்புத் தோழர் எப்படிப் படிப்பார்? யாராவது படித்துக் காட்டலாம். ஆனால் தேர்வுக்கு முதல்நாள் தாமே புரட்டிப் பார்க்க அவருக்கும் புத்தகம் வேண்டுமல்லவா?

அவருக்கு உதவுவது விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்து. சிறு வயதில் பார்வையிழந்த பிரெஞ்சுக்காரரான லூயி பிரெய்ல், 1824இல் தமது 15ஆம் வயதில் இதை உருவாக்கினார். ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. ஒவ்வொரு புள்ளியும் மேடாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆகவே 2×2×2×2×2×2 = 64 வகைகள். ஒன்றுமில்லாத கட்டம் இடைவெளி. மீதி 63.

தமிழின் 247 எழுத்துகளுக்கு இது போதுமா? போதும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் உருவாயிற்று. அதில் உயிர்மெய்யைப் பிரித்து எழுதுகிறோம். 'காவலூர்' இப்படி அமையும்:

க (1, 3) – ஆ (3, 4, 5) – வ (1, 2, 3, 6) – ல (1, 2, 3) – ஊ (1, 2, 5, 6) – மெய்க்குறி (4) – ர (1, 2, 3, 5)

கணிப்பொறியிடம் ஓர் அட்டவணையைக் கொடுத்தால் மாற்றிவிடாதா? மாற்றும். ஆனால் ஒரு சிக்கல். கணிப்பொறி 'ர்' என்பதை ர, பிறகு புள்ளி என்று சேமிக்கிறது. பிரெய்லிலோ மெய்க்குறி முன்னால் வர வேண்டும். ஆகவே நிரல் ஒவ்வோர் எழுத்திலும் அடுத்ததை எட்டிப் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

மாணவர் பிரெய்லில் எழுதிய விடையை, பிரெய்ல் அறியாத ஆசிரியருக்காகத் தமிழாக்குவது இன்னும் கடினம். 'மணி 9' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ண' என்பதற்கு 3, 4, 5, 6 புள்ளிகள். எண் வருகிறது என்று அறிவிக்கும் குறியும் அதேதான்! 'இ' என்பதற்கு 2, 4. ஒன்பதுக்கும் 2, 4. ஆக, 'ணி'யும் 9உம் ஒன்றே. நிரல் தவறினால் சரியான விடைக்கும் மதிப்பெண் போய்விடும்.

இங்கே தமிழ் இலக்கணம் கைகொடுக்கிறது. ணகரம் சொல்லுக்கு முதலில் வராது. எனவே இடைவெளியை அடுத்து அக்குறி வந்தால் எண் எனலாம். சொல்லின் நடுவில் வந்தால் ணகரம். கோடு, அடைப்புக்குறி ஆகியவற்றை அடுத்து எண் வரும்போது இவ்விதி மட்டும் போதாது. தனி விதிகள் வேண்டும்.

இத்தகைய விதிகளைத் திரட்டித்தான் மென்பொருள் எழுதுகிறார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி. இந்திய மொழிகளுக்காக 'ஸ்பர்ஷா' என்ற மென்பொருளை உருவாக்கியது. 'லிப்லூயி' என்ற கட்டற்ற மென்பொருளில் தமிழுக்கும் அட்டவணை உண்டு. லூயி பிரெய்லின் பெயரைத் தாங்கிய இதை யாரும் எடுத்துத் திருத்தலாம். எனவே நாளை நீங்களும் அதில் ஒரு பிழையைக் களையலாம்.

இப்போதே தொடங்குங்களேன்! மேலே உள்ள கட்டங்களைக் கொண்டு 'கால்' என்று எழுதிப் பாருங்கள்.

விடை: (1, 3) – (3, 4, 5) – (4) – (1, 2, 3). மெய்க்குறியை 'ல'வுக்கு முன்னால் போட்டீர்களா?