கைத்தடியை ஏமாற்றிய தாத்தா

தாமஸ் தாத்தாவுக்கு 70 வயது. மனைவி இறந்தபிறகு தனியாக இருக்கிறார். தள்ளி வசிக்கும் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிக் கவலை. அதனால் மூன்று பொருள்களை அனுப்பிவைக்கிறார்கள். சாப்பாட்டில் உப்பு, கொழுப்பு கூடினால் கண்டுபிடித்துச் சொல்லும் முள்கரண்டி ஒன்று. எவ்வளவு நடந்தார் என்று கணக்கு வைக்கும் கைத்தடி ஒன்று. எத்தனை மணிக்குப் படுத்தார் என்று குறித்துக்கொள்ளும் படுக்கை ஒன்று. இவை பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்பும். தாத்தாவையும் விடாது, இன்னும் நடக்கவில்லை, இன்னும் தூங்கவில்லை என்று நச்சரித்துக்கொண்டே இருக்கும்.

தாத்தா பார்த்தார். காய்கறிக் கிண்ணத்தில் அந்தக் கரண்டியை விட்டுக் கிளறிக்கொண்டே, பொரித்த மீனையும் உருளைக்கிழங்கையும் ஒரு பிடி பிடித்தார். கைத்தடியை ஓர் இளைஞனிடம் கொடுத்து நடந்துவரச் சொன்னார். படுக்கையில் கனமான புத்தகங்களை அடுக்கிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு விழித்திருந்தார். கருவிகளுக்கு ஏக திருப்தி!

இந்தத் தாத்தா நிஜ மனிதர் இல்லை. 'அன்இன்வைட்டட் கெஸ்ட்ஸ்', அதாவது 'அழையா விருந்தாளிகள்' என்ற குறும்படத்தில் வருபவர். லண்டனில் இருக்கும் சூப்பர்ஃப்ளக்ஸ் என்ற வடிவமைப்பு நிறுவனம் 2015-இல் எடுத்த படம் இது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான அனப் ஜெயின், நம் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் படித்தவர்.

கடையில் விற்கப்போவதே இல்லாத கரண்டியை எதற்கு மெனக்கெட்டுச் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். இதற்கு ஊக வடிவமைப்பு என்று பெயர். 'இப்படி ஒன்று நாளைக்கு நம் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும்?' என்பதை வாயால் சொல்லாமல், பொருளாகவே செய்து கண்முன் வைத்துவிடுவது. ஆன்டனி டன், ஃபியோனா ரேபி என்ற இருவர் இந்தத் துறையில் முன்னோடிகள். 2007-இல் அவர்கள் நான்கு ரோபோக்களை உருவாக்கிக் காட்டினார்கள். அதில் ஒன்று பெரிய அறிவாளி, ஆனால் நகரத் தெரியாது. யாராவது தூக்கிக்கொண்டு போய் வைத்தால்தான் உண்டு! அப்படியானால் யாருக்கு யார் வேலைக்காரர்? இந்தக் கேள்வியைக் கிளப்பிவிடுவதுதான் அந்த ரோபோவின் வேலை.

சரி, கைத்தடி எப்படி ஏமாந்தது? படத்தில் வரும் கைத்தடி கற்பனை. ஆனால் அடி எண்ணும் சில்லு கற்பனை இல்லை. உங்கள் வீட்டு செல்போனுக்குள்ளேயே இருக்கிறது. முடுக்கமானி என்பார்கள். சில மில்லிமீட்டர் அகலம்தான். அதற்குள் மிகச் சிறிய சிலிக்கான் துண்டு ஒன்று, சிலிக்கானிலேயே செதுக்கிய மெல்லிய வில்களில் தொங்குகிறது. பஸ் சட்டென்று கிளம்பினால் நிற்பவர்கள் பின்பக்கம் சாய்கிறார்களே, அப்படித்தான் போன் அசையும்போது அந்தத் துண்டு கொஞ்சம் பின்தங்கும். அதன் ஓரம் முழுக்கப் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே அசையாத இன்னொரு பல்வரிசை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறினால் அங்கே சேரும் மின்னூட்டமும் மாறும். அதை நொடிக்குப் பல தடவை அளந்தால் ஏறி இறங்கும் அலை ஒன்று கிடைக்கிறது. ஒரு மேடு என்றால் ஓர் அடி.

ஆனால் போனை மேசையிலிருந்து எடுத்தாலும் மேடு வரும். எது நடை, எது சும்மா அசைவு? பலர் நடந்த அலைகளைக் காட்டிக் காட்டி நிரலைப் பழக்குகிறார்கள். அது சீரான தாளத்தைப் பிடித்து 'இது நடை' என்று முடிவு கட்டுகிறது. செயற்கை நுண்ணறிவு என்பது இந்த இடத்தில் இவ்வளவுதான். யார் கால், எதற்காக நடக்கிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அடி எண்ணும் செயலி உள்ள போனைக் கையில் பிடித்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடப்பதுபோல் கையைச் சீராக வீசிப் பாருங்கள். எண்ணிக்கை ஏறலாம். சீனாவில் இதற்காகவே போனை ஆட்டிக்கொண்டிருக்கும் குட்டி எந்திரங்களை விற்கிறார்கள்!

தலைகீழாகவும் நடக்கும். நான்கு கால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி மெதுவாக நடந்தால், மணிக்கட்டு அதிகம் அசையாது. கையில் கட்டிய அடி எண்ணும் பட்டை பல அடிகளைக் கணக்கிலேயே சேர்க்காது. மூச்சு வாங்க நடந்தவருக்கு 'இன்னும் நடக்கவில்லை' என்று திட்டு. நாற்காலியில் கை வீசியவருக்குப் பாராட்டு.

நான் தாமஸ் தாத்தா கட்சி. எப்போது தூங்குவது, எதைச் சாப்பிடுவது என்பதை 70 வயதுக்காரர் தானே முடிவு செய்யக் கூடாதா? பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, பாசத்தில்தான் அனுப்பினார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆனாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் விழுந்துவிட்டதைக் கண்டுபிடிப்பதும் இதே முடுக்கமானிதான். விழுந்துகொண்டிருக்கும்போது அது காட்டும் அளவு குறையும், தரையில் மோதியதும் சட்டென்று எகிறும். தாத்தா வீட்டுக்குள் வழுக்கி விழுந்தால், கைத்தடி தெருவில் அந்த இளைஞன் கையில் அல்லவா இருக்கும்! தொல்லை தாங்காமல் வெளியே அனுப்பிய கருவி, ஆபத்துக்கு உதவாது. தப்பு தாத்தா மேல் மட்டுமா?

ஆப்பிள் வாட்சில் 2018-இலிருந்து ஒரு வசதி உண்டு. கட்டியிருப்பவர் பலமாக விழுந்ததாகத் தெரிந்தால், அது முதலில் அவரையே மணிக்கட்டில் தட்டிக் கேட்கும். 'நன்றாக இருக்கிறேன்' என்று அழுத்தினால் விட்டுவிடும். சுமார் ஒரு நிமிடம் அசைவே இல்லை என்றால்தான் அவசர உதவியைத் தானாக அழைக்கும்.

தாமஸ் தாத்தாவின் கைத்தடியைத் திருத்தும் வேலையை உங்களிடம் விடுகிறேன். ஒரு குச்சி, கொஞ்சம் அட்டை, கலர் பென்சில் போதும், மின்சாரமெல்லாம் வேண்டாம். அது முதலில் யாரிடம் பேசும்? பிள்ளைகளுக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? அணைக்கிற பொத்தான் உண்டா, அதை அழுத்தியது பிள்ளைகளுக்குத் தெரியவருமா? எல்லாவற்றையும் அட்டையில் எழுதி ஒட்டுங்கள். பிறகு உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கொடுத்து, 'இதை எப்படி ஏமாற்றுவீர்கள்?' என்று கேளுங்கள்.