கடலடியிலிருந்து நுவரெலியாவுக்கு

ஏப்ரல் மாதம் பிறந்தால் நுவரெலியாவில் வசந்தகாலக் களியாட்டங்கள் ஆரம்பமாகிவிடுகின்றன. ஹிக்கடுவையில் கடலடிப் பவளப்பாறைகளைக் கண்டு மகிழ்ந்தவர்கள் மறுநாளே, சில வேளைகளில் அன்று மாலையே, மலையேறிவிடுகின்றனர். ஒரே நாளில் கடலையும் பனிமூட்டத்தையும் காணலாம் என்பது நமது சுற்றுலாத்துறை கூறிக்கொள்ளும் பெருமை. ஆனால், சிலிண்டர் சுமந்து கடலில் மூழ்கியவருக்கு அதுவே ஆபத்தாகிவிடக்கூடும்.

இலங்கைக் கடலடியின் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. 1956 ஆம் ஆண்டில் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் திருகோணமலையில் மூழ்கியபோது, போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டனர். 1961 இல் தென்கரைக்கு அப்பால் வில்சன் குழுவினர் கண்டெடுத்தவை முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்கள். அவற்றில் ஹிஜ்ரி 1113 எனப் பொறிக்கப்பட்டிருந்தது. நிலத்தில் நாம் எவ்வளவுதான் பிரித்துப் பேசினாலும், கடல் இரண்டையும் சேர்த்தே காத்து வைத்திருந்தது. மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் கப்பல் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கின்றது. அதைப் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டுச் சுழியோடிகள் வருகின்றனர்.

அந்த ஆழத்தில் உடலுக்கு என்ன நேருகின்றது? ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. சுவாசிக்கும் வளியிலுள்ள நைதரசன் அவ்வமுக்கத்தினால் இரத்தத்திலும் இழையங்களிலும் கரைகின்றது. மெதுவாக மேலெழுந்தால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து எழுந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலைப் போல உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றும். முறைப்படி எழுந்தவரின் உடலிலும் மேலதிக நைதரசன் பல மணி நேரம் தங்கியிருக்கும் என்பதே இங்கு கவனத்திற்குரியது.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கே. பறக்கும் விமானத்தின் உட்புறத்திலும் ஏறத்தாழ இதே அமுக்கந்தான் பேணப்படுகின்றது. ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறலாகாது என்பது சுழியோடிகளுக்கான விதி. ஹேர்மிஸ் போன்ற ஆழத்திற்குச் சென்று, இடையிடையே தரித்து மேலெழுந்தவர் அதைவிடவும் காத்திருக்க வேண்டும். சுமார் 600 மீற்றருக்கு மேற்பட்ட மலைப் பயணங்களுக்கும் இதுவே பொருந்தும். அப்படியானால் ஹற்றனும் பண்டாரவளையும் இதில் அடங்கும். ஆகவே, நல்ல பயிற்றுவிப்பாளர் தம்மிடம் வருபவரிடம் நீந்தத் தெரியுமா என்பதோடு, நாளை எங்கே போகின்றீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

தோள், முழங்கை மூட்டுகளில் வலி, விறைப்பு, தலைச்சுற்று, கடுமையான நிலையில் கால்கள் செயலிழத்தல் ஆகியன இந்நோயின் அறிகுறிகள். நுவரெலியாக் குளிரில் இவற்றைப் பயணக் களைப்பென்று எண்ணி, தைலம் தடவிப் படுத்துவிடுவது எளிது. அவ்வாறின்றி உடனே மருத்துவமனைக்குச் சென்று, கடலில் மூழ்கியதை மருத்துவரிடம் கூற வேண்டும். முதலில் தேவைப்படுவது தூய ஒட்சிசன். அடுத்து, நோயாளியை மீண்டும் அமுக்கத்திற்குள்ளாக்கும் விசேட அறை. திருகோணமலை கடற்படைத் தளத்தில் அத்தகைய அறை உண்டு. மலையேறி வந்தவர் மீண்டும் கடற்கரைக்கே இறங்க நேரிடும்.

சுற்றுலாப் பயணிக்காவது பயிற்றுவிப்பாளர் ஒருவர் இருக்கின்றார். வயிற்றுப்பாட்டுக்காக நாளொன்றில் பலமுறை மூழ்கி சங்கும் கடலட்டையும் எடுக்கும் நமது தமிழ், முஸ்லிம் இளைஞர்களுக்கு இதைச் சொல்வார் யார்? அவர்களுள் முடமானவர்கள் இருக்கின்றனர். கரையோர விடுதிகளில் வேலை செய்து, விடுமுறை கிடைத்ததும் தோட்டத்து லயத்துக்கு பஸ் ஏறும் மலையக இளைஞன் அன்று காலை கடலில் மூழ்கியிருந்தால், அவனுக்கும் ஆபத்து ஒன்றே. சுழியோடும் நிலையங்களில் இவ்வெச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்கப்பட வேண்டும். மீனவர் சங்கங்களின் கூட்டங்களிலும், வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல்களிலும், ஆலயங்களிலும் இதை எடுத்துக்கூறுவது செலவில்லாத காரியம்.