மின்சாரம் பாயும் முன்னே

துணைமின் நிலையம் ஒன்றில் பெரிய டிரான்ஸ்பார்மரை நிறுவும்போது, கிரேன் அதைப் பீடத்தில் இறக்கி வைப்பதுதான் வேலையின் பிரதான கட்டம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆயினும் அந்தச் சாதனம் பல்லாண்டுகள் உழைக்குமா, சில மாதங்களிலேயே கருகுமா என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை, கவனத்தைக் கவராத இரண்டு காரியங்கள்: இணைப்புகளை முறையாக இறுக்குவதும், இறுக்கியபின் பரீட்சித்துப் பார்ப்பதும்.

நட்டை முறுக்குவதில் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். கடத்தியில் எழும் உஷ்ணம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பொறுத்தது என்பதை ஜூல் என்ற ஆங்கில விஞ்ஞானி 1841-ல் வெளியிட்டார். 1,000 ஆம்பியர் செல்லும் பஸ்பார் என்னும் உலோகத் தகட்டின் இணைப்பில் தடை 10 மைக்ரோ ஓம் என்றால் பிறக்கும் உஷ்ணம் 10 வாட். அது காற்றோடு போய்விடும். இறுக்கம் போதாமல் அதே தடை 1,000 மைக்ரோ ஓமாக ஏறிவிட்டால், உள்ளங்கையகல இடத்தில் 1,000 வாட் ஓயாமல் எழும். சுமை கூடும்போது உலோகம் விரிந்து, குறையும்போது சுருங்கி, ஒவ்வொரு முறையும் பிடி சற்றே தளர, தளர்ந்த இடத்தில் உஷ்ணம் மேலும் ஏறி, முடிவில் இணைப்பே உருகிப் போகிறது.

அதற்காகப் பலங்கொண்ட மட்டும் முறுக்குவதும் பரிகாரமாகாது. அளவு மீறினால் மிருதுவான அலுமினியம் நசுங்கி வழியும். போல்ட்டு தன் மீள்சக்தியை இழக்கும். ஆகையால்தான், எவ்வளவு முறுக்கினோம் என்பதை அளந்து காட்டும் டார்க் ரென்ச் அவசியமாகிறது. நாம் செலுத்தும் முறுக்கில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் தகடுகளைச் சேர்த்து அழுத்தப் பயன்படுகிறது. மற்றதெல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்விலேயே செலவாகிறது. எனவே உலர்ந்த மரைக்குக் குறித்த அளவை எண்ணெய் பூசிய மரைக்குப் பிரயோகித்தால் போல்ட்டு அபாயகரமாக இழுபடும். தயாரிப்பாளர் எந்த நிலைக்கு எந்த அளவைக் கொடுத்திருக்கிறாரோ, அதையே அனுசரிக்க வேண்டும்.

அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதுமே படியும் ஆக்ஸைடு மின்சாரத்தைத் தடுப்பதாகையால், இணையும் முகத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து உடனே இணைப்புப் பசை தடவி, தகடுகளைப் பொருத்த வேண்டும். பிறகு, மிருதங்க வித்துவான் ஒரே இடத்தில் தட்டாமல் எதிரெதிரே தட்டிச் சுருதி சேர்ப்பதைப்போல, போல்ட்டுகளை எதிரெதிராகப் படிப்படியாக இறுக்கிக்கொண்டு வருவது கிரமம். குறித்த அளவை எட்டி ரென்ச் ‘டக்’ என்றதும் கையை எடுத்துவிட வேண்டும். நிச்சயத்துக்கு இன்னும் ஓர் இழுப்பு என்பது அளந்ததையெல்லாம் வீணாக்கும். முடிந்ததற்கு அடையாளமாக நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், பின்னால் நட்டு நகர்ந்ததா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

அடுத்தது பரீட்சை. இணைப்பின் தடையை மைக்ரோ ஓம் மீட்டரால் அளந்து, ஒரேமாதிரியான மூன்று ஃபேஸ்களையும் ஒப்பிட்டால், ஒன்று மட்டும் விலகியிருந்தால் குறை அங்கே என்று புலப்படும். காப்பின் தடையை அளந்து அதன் தரத்தை அறிய மெக்கர் என்ற கருவி இருக்கிறது. மோட்டார், ஜெனரேட்டர் சுருள்களில் பத்தாவது நிமிஷத்தில் எடுத்த அளவுக்கும் முதல் நிமிஷத்தில் எடுத்த அளவுக்கும் உள்ள விகிதம் 2-க்குக் குறைந்தால் ஈரமோ அழுக்கோ சேர்ந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் காப்புத்தடை ஏறத்தாழப் பாதியாகிவிடுமாதலால், அன்றைய உஷ்ணநிலையையும் பக்கத்தில் குறித்துக்கொள்வது நலம். டிரான்ஸ்பார்மர் தொட்டி வெற்றிட நிலையில் இருக்கும்போது மாத்திரம் மெக்கரைத் தொடவே கூடாது. அந்த நிலையில் உள்ளே எளிதில் தீப்பொறி பாய்ந்துவிடும்.

மெக்கரை நிறுத்திய பிறகும் அபாயம் நீங்குவதில்லை. சுருளும் கேபிளும் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். தொட்டவனுக்குப் பிராணாபாயமே நேரலாம். சோதித்த நேரத்தைப் போல் நான்கு மடங்காவது எர்த் செய்து வைத்திருப்பது நியமம். பத்து நிமிஷச் சோதனை என்றால் நாற்பது நிமிஷம் காத்திருக்கத்தான் வேண்டும். அதேபோல், மின்னோட்ட அளவு மின்மாற்றியான ‘சி.டி.’யின் இரண்டாம் சுற்றை, மின்சாரம் ஓடுகையில் எந்நாளும் திறந்துவிடலாகாது. திறந்த முனையில் கொல்லக்கூடிய வோல்ட்டேஜ் எழும். இவற்றுக்கெல்லாம் முன்பே, மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதியாகிய லைன் கிளியர் பெற்று, விசைகளைப் பூட்டி, டெஸ்டரை மின்சாரம் உள்ள இடத்தில் சரிபார்த்து, வேலைசெய்யும் இடத்தில் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்து, மீண்டும் டெஸ்டரைச் சரிபார்த்து, எர்த் போட்ட பிறகே கை வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வளவையும் நன்கு அறிந்த தொழிலாளிகூட, இன்று மாலைக்குள் சார்ஜ் ஆகவேண்டும் என்று மேலிருந்து நிர்ப்பந்தம் வந்தால், நாற்பது நிமிஷத்தைப் பத்தாக்க நேர்கிறது. ஆகவே, கால அட்டவணை போடும் அதிகாரிகள் இறுக்குவதற்கும் சோதிப்பதற்கும் உரிய நேரத்தை முதலிலேயே ஒதுக்கி, அதை யாரும் பறிக்க முடியாதபடி எழுத்தில் வைக்க வேண்டும்; முதல் நாளில் கிடைத்த அளவுகளையெல்லாம் பதிவேட்டில் குறித்துப் பத்திரப்படுத்தவும் வேண்டும். வருஷங்கள் கழித்து அந்தச் சாதனத்தைப் பார்க்க வரும் பொறியாளர், அது நலிகிறதா என்று ஒப்பிட்டுச் சொல்வதற்கு அந்தப் பதிவேட்டையே நம்பியிருக்கிறார்.