பழைய கடிதத்தில் ஸ்டாம்ப்பை மட்டும் வெட்டி எடுக்கலாமா?

பரணைச் சுத்தம் செய்யும்போது தாத்தா காலத்துப் பெட்டியில் பழைய கடுதாசிக் கட்டு கிடைக்கிறது. 'ஸ்டாம்ப்பை மட்டும் வெட்டி ஆல்பத்துல ஒட்டிக்கலாமே' என்றுதான் பலருக்கும் தோன்றும். அணுபுரமோ சதுரங்கப்பட்டினமோ, எந்த ஊர்ப் பரணாக இருந்தாலும் முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்.

இந்தியா முழுவதற்குமான தபால்தலைகள் 1854 அக்டோபர் 1 முதல் புழக்கத்துக்கு வந்தன. கால் தோலா, அதாவது சுமார் 3 கிராம் எடையுள்ள கடிதம் நாட்டுக்குள் எங்கே போனாலும் அரை அணாதான். அந்த நீல அரை அணாத் தலை ஏராளமாக அச்சானது. தனித்தலையாக அது அப்படியொன்றும் அபூர்வமில்லை. முழுக் கடிதம்தான் அபூர்வம். ஏன்னா, அது போன வழி அதன்மேலேயே பதிவாகியிருக்கும்.

சென்னையிலிருந்து லண்டனுக்கு ஒரு கடிதம் போவதாக வைத்துக்கொள்வோம். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல்தான். அதற்கு முன்பு நீராவிக் கப்பலில் இலங்கையின் காலி துறைமுகம் வழியாகச் சூயஸ் வரை போய், அங்கிருந்து தரைவழியாக அலெக்சாண்ட்ரியா சேர்ந்து, மறுபடி கப்பலேற வேண்டும். அதன் பிறகு இரண்டு வழி: மார்செய் வழி சீக்கிரம், கட்டணம் அதிகம், சவுத்தாம்ப்டன் வழி மலிவு, தாமதம். எந்த வழி என்பதை அனுப்புகிறவரே உறைமேல் எழுதிவிடுவார்.

சிங்கப்பூரிலும் பினாங்கிலும் 1867 வரை இந்தியத் தபால்தலைதான். தலை ஒன்றேதான், சிங்கப்பூர் முத்திரையில் 'பி 172' என்றிருக்கும். அங்கிருந்து வந்த கடிதம் எந்த ஊரில், என்றைக்குச் சேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் பின்பக்க முத்திரைதான் சொல்லும். தலையை மட்டும் வெட்டினால் அது போச்சு.

1850இல் மொரீஷியஸிலிருந்து பம்பாய்க்கு வந்த ஒரு கடிதத்தில் 1847ஆம் ஆண்டின் 1 பென்னித் தலைகள் இரண்டு இருந்தன. 1897இல் இந்தியக் கடைத்தெரு ஒன்றில் 50 பவுண்டுக்குக் கைமாறிய அது, 1968 ஏலத்தில் 3,80,000 டாலருக்குப் போனது. நம்ம வீட்டுக் கடிதத்துக்கு அந்த விலையெல்லாம் வராது, அது வேறு விஷயம்.

கையில் கிடைத்தால் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. கடற்கரை ஊர்களில் ஈரக்காற்றுதான் பெரிய எதிரி. பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். அமிலமில்லாத காகிதத்தில் வைப்பது நல்லது. அந்தக் காலத்தில் பலர் தனி உறை போடாமல், எழுதிய தாளையே மடித்து அரக்கு வைத்து அனுப்பினார்கள். அதனால் உள்ளே எழுதியிருப்பதையும் சேர்த்துப் படமெடுத்து வையுங்கள்.