தினேரோ: காசு பணமான கதை

ஸ்பானிய மொழியில் பணத்திற்கு 'தினேரோ' என்று பெயர். தில்லியில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் பள்ளியில் ஸ்பானியம் எடுத்திருக்கிறார்கள். என் பேத்தியும் ஒருத்தி. "தினேரோன்னா பைசா, அவ்வளவுதானே தாத்தா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் இல்லை.

இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் 'தெனாரியஸ்'. கி.மு. 211 வாக்கில் ரோமானியர் வெளியிட்ட வெள்ளிக் காசு அது. 'ஆஸ்' என்னும் வெண்கலக் காசு பத்துக்குச் சமம் என்பதால், பத்தைக் குறிக்கும் பெயரையே வைத்தார்கள். சுமார் எழுபது ஆண்டுகள் கழித்து அதன் மதிப்பு பதினாறு ஆஸ் ஆயிற்று. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை!

இந்தக் காசு நமக்கும் அந்நியமல்ல. கோவை, கரூர் வட்டாரங்களில் மண்ணுக்கடியில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் தெனாரியஸ் ஏராளம்.

பெயரும் ஊர் ஊராகப் பயணப்பட்டது. வடமொழியில் 'தீனாரம்' ஆயிற்று. இரண்டாம் சந்திரகுப்தர் காலத்துச் சாஞ்சிக் கல்வெட்டு (கி.பி. 412) 25 தீனாரம் நன்கொடையைப் பேசுகிறது. அரபியில் 'தினார்', குவைத்திலும் ஈராக்கிலும் இன்றும் அதுதான் செலாவணி. 1971 வரை ஆங்கிலேயர் பென்னிக்கு அடையாளமாக 'டி' என்ற எழுத்தைப் போட்டு வந்ததும் தெனாரியஸை நினைத்துத்தான்.

ஸ்பெயினின் காஸ்டீல் நாட்டில் இடைக்காலத்தில் தினேரோ என்பது வெள்ளி குறைந்த வெறும் சில்லறைக் காசு. அந்தக் காசு ஒழிந்தது. பெயரோ எல்லாப் பணத்துக்கும் பொதுவாகிவிட்டது. தென் அமெரிக்காவில் பேச்சு வழக்கில் 'பிளாத்தா' என்பார்கள். வெள்ளி என்று அர்த்தம். சிங்கப்பூர்த் தமிழர் டாலரை 'வெள்ளி' என்பதும் இதே போக்குத்தான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 'பணம்' என்பதும் ஒரு காலத்தில் தனிக் காசின் பெயரே. சென்னையில் கும்பெனியார் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தக் காசும் போய்விட்டது, சொல் நின்றது. இந்திக்காரர்களின் 'பைசா'வும் அப்படியே. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமற்போயின. ஆனாலும் 'பைசா' என்றால் பணம்தான்.

தினேரோவைச் சொல்லக் கோடிக்கணக்கானோர் இருக்கிறார்கள். நம் வீடுகளிலோ பைசா வந்து பணத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒரு நாணயம் செல்லாது என்றால் அரசாங்கம் அறிவிக்கணும். சொல்லுக்கு அதெல்லாம் வேண்டாம், வீட்டில் சொல்லாமல் விட்டாலே போதும். கடையில் பைசா என்போம், தப்பில்லை. வீட்டுக்குள் பணம் என்றே சொல்வோமே!