மாரடைப்புக்குப் பிறகு ரிப்போர்ட்டில் ‘நார்மல்’: மாத்திரையை நிறுத்தலாமா?

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, வீடு திரும்பி மூன்று மாதம் ஆகிறது. நெஞ்சு வலி இல்லை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் உங்கள் செல்போனுக்கு வருகிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 95. பக்கத்திலேயே, ‘100-க்குக் கீழ் இருந்தால் நார்மல்’ என்று போட்டிருக்கிறது. “அப்புறம் எதுக்கு இந்த மாத்திரை?” என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்.

உங்களுக்கான அளவு வேறு

ரிப்போர்ட்டில் இருப்பது எல்லோருக்கும் பொதுவான அளவு. ஒருமுறை மாரடைப்பு வந்தவர்களுக்கு எல்.டி.எல். 55-க்கும் கீழே இருக்க வேண்டும், சிகிச்சைக்கு முன் இருந்ததில் பாதியாவது குறைய வேண்டும் என்கின்றன இதய மருத்துவ வழிகாட்டுதல்கள். ஸ்டென்ட் சரிசெய்வது அடைப்பு வந்த இடத்தை மட்டும்தான். மற்ற ரத்தக் குழாய்களிலும் கொழுப்பு படிந்திருக்கலாம். அந்தப் படிவு வெடித்தால் அங்கே ரத்தம் உறைந்து, மீண்டும் மாரடைப்பு வரும்.

மாத்திரை என்ன செய்கிறது?

அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரைகள், கல்லீரலில் கொழுப்பு உற்பத்தியைக் குறைக்கின்றன. படிந்த கொழுப்பு எளிதில் வெடிக்காதபடியும் காக்கின்றன. ரிப்போர்ட்டில் எண் குறைந்ததே இந்த மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழையபடி ஏறிவிடும்.

மாத்திரை தொடங்கிய 4 முதல் 8 வாரத்துக்குள் லிப்பிட் பரிசோதனை செய்து பாருங்கள். அளவு போதிய அளவு குறையவில்லை என்றால், டாக்டர் எசெட்டிமைப் என்ற மாத்திரையைச் சேர்ப்பார். அதற்கும் குறையாதவர்களுக்கு ஊசி மருந்துகளும் உண்டு.

உடம்பு வலித்தால்?

மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ, மருந்தை மாற்றியோ தருவார். கடுமையான தசை வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எண்ணெயைக் குறைத்தால் மட்டும் போதுமா?

போதாது. ஆனாலும் அதுவும் வேண்டும். வனஸ்பதி, பாமாயில், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பஜ்ஜி, வடை, கொழுப்புள்ள ஆட்டிறைச்சி ஆகியவற்றைக் குறையுங்கள். பயறு, கீரை, காய்கறி, குழம்பில் போட்ட மீன் நல்லது. பீடி, சிகரெட்டை முழுசா விட்டுவிடுங்கள். நடைப்பயிற்சியை டாக்டர் சொன்ன அளவில் தொடங்குங்கள்.

கையில் இருக்கும் போனில் செய்ய வேண்டியவை

• டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ரிப்போர்ட் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள்.

• மாத்திரை நேரத்துக்கு அலாரம் வையுங்கள். ஒருவேளை மறந்துபோனால், மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

• கடையில் வேறு பெயரில் மாத்திரை கொடுத்தால், அட்டையில் உள்ள மூல மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் சீட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிட்டுவிடக் கூடாது.

• செலவு கட்டுப்படி ஆகவில்லையா? அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களில் மூல மருந்துப் பெயரில் குறைந்த விலைக்கு மாத்திரைகள் கிடைக்கின்றன. விலைக்காக ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதைவிட இது மேல்.

• உடல்நல ஆலோசனைக்கு 104. மறுபடி நெஞ்சு வலி, இடது கை வலி, மூச்சுத் திணறல், திடீர் வியர்வை வந்தால் உடனே 108.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, “நார்மலா இருக்கா?” என்று கேட்காதீர்கள். “என் எல்.டி.எல். 55-க்குக் கீழ வந்துடுச்சா?” என்று கேளுங்கள்.